பினாங்கில் வாங்கிய கோட்டு

எனக்கு அளவெடுத்த தையல்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். நாடாவை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். முனை எட்டாது. எட்டாத இடத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து மறுபடியும் அளப்பார்கள். பக்கத்தில் யாராவது நின்றால் நான் கூரையைப் பார்ப்பேன். என் உடம்பு சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கூச்சமும் சின்ன வயதிலிருந்தே வந்ததுதான். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

பினாங்கில் ஒரு கோட்டு வாங்கினேன். அந்தக் கோட்டை நான் போட்டுக்கொண்டு நடந்ததால், ஒரு பெண் தன் செத்துப்போன புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று பல வருஷம் நம்பினாள். நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்லலாம் என்பதால் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் எனக்கு வேலை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பதனிட்டு வந்த ஆட்டுத்தோல்களைத் தரம் பிரிப்பேன். கோணி விரித்து உட்கார்ந்து, தோலைத் தொடைமேல் இழுத்துவிட்டுக் கட்டைவிரலால் முதுகிலிருந்து வயிறுவரை தடவினால் போதும். முதல் தரமா, மூன்றாம் தரமா, ஓரத்தில் கத்தி பட்டிருக்கிறதா, எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். பேச வேண்டியதில்லை. அந்த வேலை எனக்கு ஒத்துவந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருக்கும். எங்கள் முதலாளி பினாங்குக்கு அனுப்பிய கட்டுகளில் கறை இருப்பதாக அங்கே வாங்கியவர் எழுதியிருந்தார். பதனிட்டதில் தப்பா, கப்பலில் வந்த தப்பா என்று நேரில் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் போக வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் பேசத் தெரியாதவன் என்று சொல்லிப் பார்த்தேன். "ஜாஸ்தி பேச வேணாம்ப்பா. தோலைத் தூக்கிக் காட்டு, அது பேசிக்கும்," என்றார். மாட்டேன் என்று சொல்லவும் ஒரு பேச்சு வேண்டுமே. கிளம்பிவிட்டேன்.

என்னிடம் ஒரே ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது. வேலூரில் சொல்லித் தைத்தது. வேட்டி, கோட்டு, தலைப்பாகை. அதுதான் அப்போது வெளியூர் போகிற மரியாதை. கப்பல் தளத்தில் பயணம் செய்தவர்களை ஊருக்குள் விடுவதற்கு முன்னால் ஒரு தீவில் இறக்கி, தொற்று நோய் இருக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்த்தார்கள். எங்கள் துணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி, ஒரு இரும்பு அறையில் போட்டு நீராவி விட்டார்கள். மூட்டை திரும்பி வந்தபோது என் கோட்டு பத்து வயதுப் பையன் போடுகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. கையை நுழைத்துப் பார்த்தேன். முழங்கையோடு நின்றுவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் சொன்னான்: "அண்ணே, உங்க கோட்டு உள்ள போயி குட்டி போட்டுக்கிணு வந்திருக்குது." வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் சிரிப்பார்கள்.

பினாங்கில் எங்கள் முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். வாணியம்பாடிக்காரர். என்னைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, நல்லபடி பார்த்துக்கொண்டார். சுருங்கிய கோட்டைப் பார்த்ததும் அவருக்குத்தான் கவலை அதிகம். தோல் வாங்கியவர் வெள்ளைக்காரர். அவருடைய ஆபீஸ் மாடியில் இருந்தது. வேட்டி கட்டியிருந்தால் பரவாயில்லை, தலைப்பாகை இருந்தால் பரவாயில்லை, கோட்டு இல்லாவிட்டால் மாடிப்படி ஏற விடமாட்டார்கள் என்றார். மூன்றாம் நாள் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் சீனர்களின் வருஷப் பிறப்பு. ஊரில் இருக்கிற தையல்காரர்கள் யாரும் புது வேலை எடுக்கமாட்டார்கள். தைத்துக் கிடப்பதில்தான் வாங்க வேண்டும்.

என் வாழ்க்கையில் மற்ற ஊர்களில் பார்த்த கடைகளை எல்லாம் சேர்த்தாலும் அந்த இரண்டு நாளில் ஏறி இறங்கிய கடைகள் அதிகம். ஒரு சீனக் கடையில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கோட்டுகளை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் சேர்த்தால்தான் எனக்கு ஆகும் என்று கையால் காட்டினாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்குப் பாஷை தெரியாது, அவளுக்கும் தெரியாது. வேறு எப்படிச் சொல்வாள்? வெள்ளைக்காரர்கள் வாங்குகிற பெரிய கடைக்கும் வாணியம்பாடிக்காரர் அழைத்துப்போனார். அங்கே பெரிய கோட்டுகள் இருந்தன. உயரமானவர்களுக்குத் தைத்தவை. கை என் விரல் நுனிவரை வந்து தொங்கியது. பித்தானுக்கும் துளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கடைச் சிப்பந்தி இரண்டு விரலால் கோட்டை என் தோளிலிருந்து உரித்து எடுத்தான். கிடங்கில் மூன்றாம் தரத் தோலை நான் அப்படித்தான் எடுத்து ஒதுக்குவேன். அன்றைக்கு அது நினைவுக்கு வந்தது.

மறுநாள் நான் தனியாகப் போனேன். கூட ஆள் வந்தால் அவர் முன்னால் அளவு பார்க்க வேண்டியிருக்கிறதே என்றுதான். ஒரு சந்தில் நம் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் இருந்தார். ஒல்லியானவர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சிரிக்கவில்லை. நாடாவையும் எடுக்கவில்லை. எழுந்து உள்ளே போய், மேல் பலகையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றை இறக்கினார்.

காப்பிக்கொட்டை நிறம். கொம்புப் பித்தான். அவர் பின்னால் நின்று பிடித்துக்கொள்ள, நான் கையை நுழைத்தேன். உள்ளே போனது. முதல் பித்தான் மாட்டியது, இரண்டாவது, மூன்றாவது. வயிற்றை உள்ளே இழுக்காமலே மாட்டியது. எனக்கு அப்போது முப்பதுக்கு மேல் வயது. கடையில் எடுத்த துணி என் உடம்புக்குப் பொருந்தியது அதுதான் முதல் தடவை. சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. அதில் தெரிந்தவரைக்கும் பார்த்தேன். குண்டனாகத் தெரியவில்லை. பெரிய மனிதனாகத் தெரிந்தேன்.

அதற்குப் பிறகுதான் யாருக்குத் தைத்தது என்று கேட்டேன்.

குடியாத்தத்திலிருந்து வந்து லுங்கி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தவர் ஒருவர். புருஷனும் பெண்சாதியுமாக வந்து, அந்த அம்மாள்தான் துணியைத் தேர்ந்தெடுத்தாராம். கோட்டை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் வியாபாரமாக எதிர்க்கரைக்குப் படகில் போனார். படகு கவிழ்ந்தது. நாலு உடம்பு கரை சேர்ந்தது. அவருடையது சேரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வந்து வாங்கிக்கொள்வார், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"பொணம் கெடைக்கல. செத்தவன் துணின்னும் சொல்ல முடியல, இருக்கறவன் துணின்னும் சொல்ல முடியல. நான் எவ்ளோ நாளு வச்சிக்கிணு இருக்கிறது?" என்றார் தையல்காரர். "ஒண்ணு மட்டும் கேளுங்க. அந்தம்மா இதே ஊருலதான் கீது. ஆபீசுக்குப் போட்டுட்டுக் கழட்டிடுங்க. தெருவுல போட்டுக்கிணு திரியாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். மனசு உறுத்தியது. ஆனால் கழற்றவில்லை.

ஆபீஸ் காரியம் நல்லபடி முடிந்தது. கட்டுகளை அவிழ்த்து, கறை பட்ட தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன். கறை எல்லாத் தோலிலும் ஒரே மூலையில் இருந்தது. கட்டின் அந்த மூலை கடல் தண்ணீரில் நனைந்திருக்கிறது. தோல் பேசிக்கொண்டது. வெள்ளைக்காரர் எனக்கு நாற்காலி காட்டினார். மாடிப்படியில் எதிரே வந்த குமாஸ்தாக்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கோட்டுக்குத்தான் அந்த வழி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடித்திருந்தது.

ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் அந்தக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பெட்டியில் இடமும் இருந்தது. போட்டுக்கொண்டேன். துறைமுகம்வரைக்கும்தானே, ஒரு தடவைதானே என்று நினைத்தேன். அந்த மாதிரி நிமிர்ந்து ஒரு தெருவில் நடந்து நான் பழகியதில்லை.

மீன் கடைகளைத் தாண்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "இந்தாங்க."

நம் பக்கத்துப் பேச்சு. அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்தேன். "இன்னாங்க, நில்லுங்க." குரல் கிட்டே வந்தது. புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் நம் பெண்களுக்குக் கிடையாது. ஒரு பெயர் காதில் விழுந்திருந்தால், அது நான் இல்லை என்று திரும்பிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டபோது எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. முதுகு முழுவதும் வியர்த்தது. திரும்பினால் என்ன ஆகும்? தன் புருஷன் கோட்டில் வேறு ஒருவன் முகத்தைப் பார்ப்பாள். நடுத்தெருவில் அலறுவாள். கூட்டம் கூடும். ஆளாளுக்குக் கேட்பார்கள். நான் என்ன சொல்வேன், யாரிடம் சொல்வேன்? வேகமாக நடந்தேன். அவளும் ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கும் குரலில் நாலாவது தடவை கேட்டாள்.

"எம்மேல இன்னும் கோவமா?"

நான் திரும்பவில்லை. துறையில் நின்ற படகில் ஏறிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கப்பல் ஏறும்வரைக்கும் கரைப் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. அதனால் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது. குரல் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து கோட்டை உள்ளறை ஆணியில் மாட்டினேன். மறுபடி போடவில்லை. மற்ற துணி மாட்டினால் தொங்கும், இது நிற்கும். தோளும் வயிறும் ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும். விளக்கில்லாமல் அந்த அறைக்குள் போனால் என் பெண்சாதி நின்றுவிடுவாள். "இத வேற எங்கியாச்சும் வையுங்க. யாரோ திரும்பிக்கிணு நிக்கற மாதிரி கீது," என்றாள். மடித்து மரப்பெட்டியில் போட்டேன். அதன்பின் என்னிடம் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. ஆம்பூர்க் கடைத்தெருவில் எனக்குப் பின்னால் எந்தப் பெண் யாரைக் கூப்பிட்டாலும் திரும்பிவிடுவேன். அவர்கள் கூப்பிட்டது என்னையாக இருந்ததே இல்லை. முறைப்பார்கள். வெட்கமாக இருக்கும். ஆனாலும் திரும்புவேன்.

மறு வருஷம் வாணியம்பாடிக்காரர் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பினாங்குச் செய்தி என்று ஒன்று சொன்னார். படகில் செத்துப்போன ஒரு குடியாத்தத்துக்காரனின் பெண்சாதி, அவன் சாகவில்லை, தெருவில் பார்த்தேன், கோபத்தில் என்னை விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். தையல்காரரிடம் ஓடிப்போய்க் கோட்டு எங்கே என்று கேட்டிருக்கிறாள். கொடுத்த வாக்கை மீறி விற்றுவிட்ட மனிதர், பயத்தில், "ஆளு வந்து வாங்கிக்கிணு போய்ட்டாரும்மா" என்று சொல்லியிருக்கிறார். பந்தியில் சிலர் சிரித்தார்கள். பெண்சாதியிடமிருந்து தப்பக் கடலில்தான் குதிக்க வேண்டும்போல என்று ஒருவர் சொன்னார். நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாணியம்பாடிக்காரருக்கு நான் கோட்டு வாங்கியது தெரியும். எந்தக் கடையில் என்பது தெரியாது. என் முகத்தைப் பார்த்து, "இன்னாப்பா, நீயே சாப்பிடலன்னா அண்டா எப்பிடி காலியாவும்?" என்றார். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அதோடு போயிற்று.

ஆறேழு வருஷம் போனது. அந்த அம்மாள் பினாங்கை விட்டு வந்து, குடியாத்தத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆம்பூரிலிருந்து ரயிலில் ஏறினால் எவ்வளவு தூரம்? காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அந்தத் தூரத்துக்கு எனக்கு மேலும் ஒரு வருஷம் பிடித்தது. கடைசியில் ஒரு நாள் கோட்டை ஒரு துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். உன் புருஷன் உயிரோடு இல்லை, உன்மேல் கோபமாகப் போனதும் அவர் இல்லை, அது நான், என்று சொல்லிவிட வேண்டும். ரயிலிலும் குதிரை வண்டியிலும் அந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தெரு முழுவதும் தறிச் சத்தம். அண்ணன்காரர் வெளியே போயிருந்தார். வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள்தான் அவள். நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் கதம்பம், கழுத்தில் மஞ்சள் கயிறு. பினாங்கிலிருந்து ஒரு செய்தி என்றேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். ராட்டினம் நின்றுவிட்டது. நான் மூட்டையை அவிழ்த்தேன். கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அன்னிக்கிப் போனது நீங்களா?"

"ஆமாம்மா."

"நாலு வாட்டி கூப்ட்டேன். கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"பின்ன?"

தயார் பண்ணிக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. "வெக்கமா இருந்துச்சும்மா," என்றேன். இவ்வளவு வருஷத்துக்கும் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

அவள் ராட்டினத்தில் தொங்கிய நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, நூலைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் படகேறின அன்று காலையில் கோட்டைப் பற்றித்தான் பேச்சு. உங்க உடம்புக்குக் கடையில துணி பத்தாது, கப்பல் பாயைத்தான் வெட்டித் தைக்கணும் என்று இவள் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். யார் என்ன சொன்னாலும் சிரிக்கிறவர், அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம். என் முதுகைப் பார்த்துக் கோபமா என்று அவள் கேட்டது அதற்காகத்தான்.

அவள் தன் புருஷனிடம் சொன்ன பேச்சை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறேன். அவர் ஏன் எழுந்து போனார் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து அண்ணன் பெண்சாதி, யார் வந்திருப்பது என்று கேட்டாள்.

"லுங்கி கேக்க வந்திருக்காரு அண்ணி. ரொம்பக் கம்மியா கேக்குறாரு," என்று இவள் சத்தமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கோட்டைத் துண்டில் வைத்து, முடிச்சுப் போட்டு, என் பக்கம் தள்ளினாள்.

"இது இங்க இருக்கக் கூடாது. எடுத்துக்கிணு போங்க. வர்ற மாசம் எங்க அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். நான்தான் நலங்கு வைக்கணும்னு அந்தப் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. இது தெரிஞ்சா என்னிய உள்ள ஒக்கார வச்சிடுவாங்க." கழுத்துக் கயிற்றை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டாள். "எங்கியோ கோவமா இருக்காருன்னே இருக்கட்டும். யாருகிட்டயும் சொல்லாதீங்க, அண்ணா."

அண்ணா என்று அவள் சொன்னதால் மறுத்துப் பேச முடியவில்லை. மூட்டையோடு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். பாரத்தை இறக்கி வைத்துவிட்டு வரலாம் என்று போனவன் நான். எனக்கு மட்டும் தெரிந்திருந்தது இப்போது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நான் போகாமல் இருந்திருந்தால் அவள் நம்பிக்கொண்டாவது இருந்திருப்பாள்.

போன வருஷம் அவள் காலமாகிவிட்டாள் என்று ஒரு லுங்கி வியாபாரி சொன்னார். பூவோடும் பொட்டோடும் புதுப் புடவையோடும் எடுத்தார்களாம். தெருப் பெண்களெல்லாம் வந்து மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு போனார்களாம். கொடுத்து வைத்தவள் என்றார். ஆமாம் என்றேன்.

ஆனால் அவள் புருஷன் இருக்கிறாரே. அவருக்கு யாரும் கருமாதி செய்யவில்லை. செய்தால் பெண்சாதி பொட்டை இழக்க வேண்டும் என்பதால் செய்யவில்லை. இனி அவளுடைய ஆட்கள் செய்யவும் மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவர் எங்கோ ஒரு ஊரில் இருக்கிறார். அவர் செத்துவிட்டார் என்று நிச்சயமாக எண்ணுகிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

இந்த வருஷம் மாளய அமாவாசைக்கு வீட்டில் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இலை போட்டு, வேட்டியும் புடவையும் வைத்துப் படைத்தோம். நான் மரப்பெட்டியைத் திறந்து, கோட்டை உதறி, பக்கத்தில் வைத்தேன். இன்னும் ஒரு இலை போடச் சொன்னேன். என் பெண்சாதி கோட்டையும் என்னையும் பார்த்தாள். யாருக்கு என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவளிடம் முழுவதும் சொன்னேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.  நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பெரிய ஆளா?"

"என்னாட்டம்தான் இருப்பாரு. இந்தக் கோட்டு சரியா இருக்கும்."

கையிலிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டு, இலைக்கட்டைப் பிரித்து, நல்ல அகலமான தலைவாழை இலை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டாள். மற்ற இலைகளில் வைத்ததைவிட ஒரு கரண்டி சோறு அதிகமாக வைத்தாள்.